திண்ணையில் யார் உட்காரலாம்?

பழைய வீட்டின் சாயலில் உணவகம் அமைப்பது இன்று தமிழக நகரங்களில் ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. சென்னையானாலும் மதுரையானாலும் கோவையானாலும், புதிதாகத் திறக்கப்படும் உணவகங்களுள் பலவற்றின் முகப்பில் மரத்தூண்கள் நிற்கின்றன. வாசலில் பித்தளைக் குமிழ் பதித்த இரட்டைக் கதவு. உள்ளே பூப்போட்ட தரை. சுவரில் யாருடையவை என்றறிய முடியாத, மங்கிய குடும்பப் புகைப்படங்கள். மூலையில் ஓர் ஆட்டுக்கல். அதன் பக்கத்தில் உருளி நிறையத் தண்ணீர். தண்ணீரில் செவ்வந்திப் பூக்கள். சாப்பிட வந்தவர்கள் முதலில் இவற்றைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; பிறகுதான் இலை முன் அமர்கிறார்கள்.

இதைக் கண்டு முகம் சுளிப்போரின் கட்சியில் நாம் இல்லை. சன்மைக்கா மேசையும் கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய அறையும் இருந்தால்தான் கௌரவமான உணவகம் என்று நாம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. பாட்டி வீட்டுத் தூணை மறைத்து அட்டைப் பலகை அடித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே தூணைத் தேடி அலைகிறார்கள் என்றால், அது வரவேற்க வேண்டிய மாற்றமே. நம்முடைய கேள்வி வேறு. வீட்டைப் போல் ஓர் உணவகத்தை வடிவமைக்கும்போது, அந்த வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை அங்கேயே விட்டுவிடுகிறோம்? பொருள்களை எடுத்து வந்து வைப்பது அலங்காரம் மட்டுமே. அந்த வீட்டைக் கட்டிய கைகளுக்கு வேலையும், அதன் வாசலுக்கு வருவோர்க்கு இடமும் கிடைக்கச் செய்வதே வடிவமைப்பு என்பது நம் கருத்து. அதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விழைகிறோம்.

*

முதலில், வீடும் உணவகமும் ஒரே இனத்தைச் சேர்ந்த கட்டடங்கள் அல்ல என்பதை மறந்துவிடலாகாது. வீடு, யாரை எதுவரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கொண்டது. நம் மரபு வீடுகளின் அமைப்பே அந்தத் தீர்மானத்தின் வரைபடம்தான். வாசல், திண்ணை, இடைகழி, முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று உள்ளே போகப் போக ஒவ்வொரு படியிலும் சிலர் நிறுத்தப்பட்டார்கள். சாதி ஒருவரைத் திண்ணையோடு நிறுத்தியது. இன்னொருவரைத் தெருவோடு நிறுத்தியது. வேறொருவரைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை. பெண்கள் பின்கட்டில் இருந்தார்கள்; கணவனை இழந்தவர்கள் அதற்கும் பின்னால் இருந்தார்கள். தேக்குத் தூணின் பளபளப்பைப் பாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பாடவேண்டும்.

உணவகத்தின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் நடந்த வரலாறு. அதுவும் எளிதாக நடந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்த காலம் ஒன்று இருந்தது. பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957 ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டம் தமிழக வரலாற்றின் ஒரு பகுதி. அரசியலமைப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் அங்கே தடுக்கலாகாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் சாப்பாட்டுக் கடை இடம்பெற்றிருக்கிறது என்றால், அதன் வாசலில் எவ்வளவு பேர் தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பல கிராமங்களில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

ஆகவே, எல்லாரையும் ஏற்கவேண்டிய ஓரிடம், சிலரை மட்டும் ஏற்ற ஓரிடத்தின் உடையை அணிந்துகொள்ளும்போது, அதற்கு ஒரு கூடுதல் பொறுப்பு வந்து சேர்கிறது. வீட்டின் அழகு வரட்டும். வீட்டின் கோடுகள் உடன் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

இனி அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலும் அது செட்டிநாட்டிலிருந்து வருகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நகரத்தார் ஊர்களின் மாளிகைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுந்தவை. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் அவற்றுக்காகக் கப்பலேறி வந்தன. 1942 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்ததும், அந்நாடு விடுதலை பெற்ற பின் நிலங்கள் தேசியமயமாக்கப்பட்டதும் அந்தப் பொருள்வரவின் பெரும்பகுதியை அறுத்தன. வீடுகள் நின்றன, அவற்றைப் பேணும் வருமானம் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு நாட்டில் வாசம். ஆண்டுதோறும் ஓடு மாற்றவும் ஒழுகல் அடைக்கவும் பெருஞ்செலவு. முடிவில் பங்கு பிரிக்க ஒரே வழி, வீட்டைப் பிரிப்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலையும் சன்னலும் பீங்கான் பாத்திரங்களும் அடுக்கிக் கிடப்பதன் பின்கதை இதுதான். விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீர்வை கட்டாததற்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுவரை பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடிய கதவு அது. அது போனபின் திறந்த வீட்டுக்குள் வாடை புகுகிறது. கைக்குழந்தை நோயுற்று இறக்கிறது. செட்டிநாட்டு மாளிகையின் கதவும் அந்தக் குடிசைக் கதவும் ஒன்றல்ல. ஒன்று விற்கப்பட்டது, மற்றது பறிக்கப்பட்டது. ஆயினும் கதவு என்பது ஒரு வீட்டின் உறுப்பு என்பதை அந்தக் கதையைவிடச் சுருக்கமாக எவரும் நமக்குச் சொல்லவில்லை. உணவகச் சுவரில் திறக்கவும் மூடவும் இல்லாமல், பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சி ஆணியடித்து நிறுத்தப்பட்ட கதவுகளைக் காணும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அது வலுவான மறுமொழி. ‘நாங்கள் வாங்காவிட்டால் அந்தத் தேக்கு அறுவை ஆலைக்குப் போயிருக்கும். நாங்கள் காப்பாற்றுகிறோம்’ என்கிறார்கள் உணவக உரிமையாளர்கள். உண்மைதான். விழுந்துவிட்ட வீட்டின் தூண் மண்ணில் மக்குவதைவிட, ஒரு கூடத்தைத் தாங்கி நிற்பது மேல். ஆனால் வேட்கை பெருகும்போது நிலைமை மாறுகிறது. நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிடப் பிரித்துப்போட்ட வீட்டுக்கு விலை கூடுதல் என்று ஆனபின், பழுதுபார்த்தால் பிழைத்திருக்கக்கூடிய வீடும் விலைக்கு வரும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. ஊரைப் பட்டியலில் ஏற்றுவதும் அதே ஊரின் தூண்களை லாரியில் ஏற்றுவதும் ஒரே காலத்தில் நடப்பது ஒரு முரண்.

எடுத்து வைப்பதிலும் முறை உண்டு என்பதற்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா ஒரு சான்று. 1996 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடு உள்ளிட்ட தென்னிந்திய வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. எந்த வட்டாரத்து வீடு, என்ன தொழில் செய்தோர் வாழ்ந்தது என்பது பார்ப்பவருக்குச் சொல்லப்படுகிறது. உணவகம் அருங்காட்சியகம் அல்ல என்பதை அறிவோம். எனினும், கூடத்தைத் தாங்கும் தூண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு சிறு பலகையில் எழுதி வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பெயர் தெரியாத புகைப்படங்களை அலங்காரத்துக்காக மாட்டுவதை நிறுத்துவதற்கோ செலவே இல்லை. யாரோ ஒருவரின் தாத்தா, நாம் குழம்பு பிசையும்போது நம் தலைக்கு மேல் அநாதையாகத் தொங்க வேண்டியதில்லை.

*

பழையதை வாங்குவதைக் காட்டிலும் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. புதியதைச் செய்யச் சொல்வது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இன்றும் தரைக்கல் கையால் செய்கிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டையும் மணலையும் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி, காய்ந்தபின் நீர்த்தொட்டியில் சில நாள் ஊறவைக்கிறார்கள். சூளையும் இல்லை, மெருகுப் பூச்சும் இல்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்த முகம் கண்ணாடியின் வழவழப்பைத் தானே பெற்றுவிடுகிறது. கை ஊற்றுவதால் ஒரு கல்லைப் போல் இன்னொரு கல் இருப்பதில்லை. இதழ் ஒன்றில் கோடு சற்றே கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல்தான் மனிதன் அங்கே இருந்ததற்கான கையொப்பம்.

இன்று நாம் மிதிக்கும் ‘ஆத்தங்குடித் தரை’களில் பல ஆத்தங்குடியைப் பார்த்ததே இல்லை. அதன் பூவைப் படமெடுத்து, தொழிற்சாலை ஓட்டின் மேல் அச்சிட்டு, பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களும் காரணம் சொல்கிறார்கள். சிமெண்டுக் கல்லில் எலுமிச்சையும் புளியும் சிந்தினால் கறை பிடிக்கும். துடைத்துத் துடைத்துத்தான் மெருகேறும். கேட்ட நாளில் கிடைக்காது. இவை மெய்யான இடர்ப்பாடுகள். ஆனால் கறை பிடிப்பதும் மெருகேறுவதும் காத்திருக்க வைப்பதும்தானே வீட்டின் இயல்பு? கறையே படாத தரையும் காத்திருக்கவே வேண்டாத பொருளும்தான் வேண்டுமென்றால், வீட்டின் வேடம் எதற்கு? சமையற்கட்டுக்கும் பரிமாறும் வழிக்கும் வேறு கல் போட்டு, அமரும் கூடத்துக்கு மட்டும் கைக்கல் பதிக்கலாம். இதைச் சொல்லக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் புழக்கத்துக்கு ஒரு தரையும் விருந்துக்கு ஒரு தரையுமாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஆத்தங்குடி ஒன்றோடு இது முடியவில்லை. தாமிரபரணிக் கரையின் கோரையில் பத்தமடை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பாய், சுவருக்கும் தட்டிக்கும் எந்த வண்ணத்தாளையும்விட அழகு தரும். நகரத்தார் வீட்டுச் சடங்குகளில் புழங்கிய பனையோலைக் கொட்டான், மறைந்துபோகும் நிலையிலிருந்து விசாலாட்சி ராமசாமி அவர்களின் முயற்சியால் மீண்டும் முடையப்படுகிறது. ஐயனார் கோயில்களுக்கு வேளார் செய்யும் மண்குதிரை உணவக வாசல்களில் நிற்பதைப் பார்க்கிறோம். புரவி எடுப்பில் நேர்ந்து நிறுத்தியதைத் தூக்கி வருவது திருட்டுக்கு ஒப்பானது; அதே வேளாரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குவது அவருக்கு வேலை. கண்ணுக்கு இரண்டு குதிரைகளும் ஒன்றுபோல் தெரியும். ஒன்றால் கோயில் வெறுமையாகிறது. மற்றதால் ஒரு சூளை எரிகிறது.

உணவுப் பட்டியலில் கோழி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, மிளகு எந்த மலையில் விளைந்தது என்று அச்சிடுகிறோம். தரையைச் செய்தவர் பெயரையும் பாய் நெய்தவர் பெயரையும் அதே பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடலாம். கைவினை என்று பொதுவாகச் சொல்லும்போது கை மறைந்துபோகிறது. பெயர் சொன்னால்தான் அது யாருடைய கை என்று தெரியும்.

*

பொருளே இல்லாமலும் மரபைக் கொண்டுவர முடியும். திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தருகே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பழைய தூண் இல்லை; உருளி இல்லை. செங்கல்லால் சுருள்போல் மேலேறும் ஒரு சாய்தளம். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்ட மேசைகளும் இருக்கைகளும். சுவர் நெடுகச் செங்கல் இடைவெளிகள். அந்த இடைவெளிகள் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன. கேரளத்து மரபு வீடுகளிலிருந்து பேக்கர் எடுத்துக்கொண்டது ஒரு பொருளை அல்ல. வெயிலையும் மழையையும் கையாளும் அறிவை. அந்தக் காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவால் நடத்தப்படுவது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. காபி வாரியம் கடைகளை மூடியபோது, ஏ. கே. கோபாலன் முதலானோர் துணைநிற்க, வேலையிழந்த பணியாளர்களே 1957-58 வாக்கில் தொடங்கிய இயக்கம் அது.

இதற்கு நேர்மாறு நம் ஊர் உணவகங்களின் முற்றங்கள். நடுவே சதுரமாக ஒரு பள்ளம். சுற்றி நான்கு தூண். மேலே கண்ணாடிக் கூரை. அதற்கும் கீழே பகல்போல் எரியும் மின்விளக்கு. செட்டிநாட்டு வீட்டில் முற்றம் சூட்டை மேலே அனுப்பியது. மழையைக் கீழே வாங்கி அண்டாக்களிலும் கிணற்றிலும் சேர்த்தது. நெல் காய்ந்தது, வற்றல் காய்ந்தது. மழை விழாத முற்றத்தில் இவை எதுவும் இல்லை. குளிர்சாதனம் நின்றுவிட்டால் அரைமணி நேரம் அங்கே உட்கார முடியாது. வீட்டின் முகத்தை வாங்கி வந்து அதன் மூச்சை விட்டுவிட்டோம்.

*

கடைசியாகத் திண்ணை.

தமிழ் படித்தவர்களுக்கு ஓர் இடைகழி மறக்காது. மழை பெய்யும் இரவில் திருக்கோவலூரில் மூன்று ஆழ்வார்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிய இடம் அது. ஒருவர் படுப்பதற்கும், இருவரானால் அமர்வதற்கும், மூவரானால் நிற்பதற்கும் மட்டுமே போதுமான சிற்றிடம். முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்காகத் தம் வசதியைக் குறைத்துக்கொள்கிறார். நெருக்கத்தில் நான்காவதாக இறைவன் வந்து சேர்கிறான் என்கிறது மரபு. ரேழி என்று இன்று வழங்கும் சொல்லின் மூலம் இந்த இடைகழிதான். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே, முன்பின் அறியாதவருக்கும் ஒதுங்க இடம் விட்டு வைப்பது என்ற எண்ணம் நம் கட்டடக்கலையின் உயர்ந்த எண்ணங்களுள் ஒன்று. நடைமுறையில் அந்த எண்ணம் எல்லாத் திண்ணையிலும் எல்லாருக்கும் மெய்ப்படவில்லை என்பதை மேலேயே சொன்னோம். மெய்ப்படாததை இன்று மெய்ப்படுத்தலாம் அல்லவா?

சென்ற கோடையில் நாங்கள் தமிழ்த்துறை ஆசிரியர்கள் சிலர் ஒரு நகரத்து உணவகத்துக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம். வாசலின் இருபுறமும் நேர்த்தியான திண்ணை, கைக்குளிர்ந்த சுண்ணாம்புப் பூச்சு, சாய்ந்துகொள்ளத் தலைத்திண்டு. திண்ணைக்குக் குறுக்கே ஒரு தடித்த கயிறு கட்டி, ‘அமர வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, உச்சி வெயிலில், வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் முதுகில் பெட்டியோடு நின்றிருந்தார்கள். உள்ளிருந்து அவர்களை எண் சொல்லி அழைத்தார்கள். எங்களுக்குக் கதவு திறந்துவிட்ட முதியவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். வழிப்போக்கருக்காகத் தோன்றிய ஓர் அமைப்பை அவ்வளவு பொருட்செலவில் மீட்டெடுத்து, வழிப்போக்கர் அமராதபடி அதற்குக் கயிறு கட்டியிருந்தார்கள்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021 ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுதும் நிற்கும் கால்களை எண்ணிச் செய்த திருத்தம் அது. அதன் உள்ளக்கிடக்கையை ஏற்க ஓர் உணவகத்துக்கு ஆய்வாளர் வந்து சொல்லவேண்டியதில்லை. திண்ணை ஏற்கெனவே இருக்கிறது. கயிற்றை அவிழ்த்து, பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் போதும்.

மரபு வீட்டின் சாயலில் உணவகம் எழுப்ப நினைப்போர் நம்மிடம் யோசனை கேட்கப்போவதில்லை; நாம் இலக்கியம் கற்பிப்பவர்கள். ஆனால் அந்த உணவகங்களுக்குச் செல்பவர்கள் நாமும் நம் வாசகர்களும்தான். தூணைப் புகழும்போது அது எந்த ஊர்த் தூண் என்று கேட்கலாம். தரையைப் புகழும்போது அதை யார் செய்தார் என்று கேட்கலாம். நுழையும் முன் திண்ணையை ஒருமுறை பார்க்கலாம். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், உள்ளே போய்ச் சாப்பிடலாம்.